கைராசியக்காவின் மோதிரம்

குறைமாதக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்சுக்குக் கைராசியக்கா என்று பெயர். அவள் கை பட்டால் குழந்தை தேறிவிடும் என்று தாய்மார்கள் நம்பினார்கள். எங்களைப் போன்ற நர்சுகளுக்கோ அவளைக் கண்டால் நடுக்கம். வளையல், வாட்ச், கயிறு எதைப் போட்டுக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே பிடித்துவிடுவாள். அவளுடைய மோதிரம் மட்டும் விரலிலேயே கிடந்தது. கணு தடித்துவிட்டதாம், கழற்ற வராதாம். ஊருக்குத்தான் உபதேசம் என்று முதுகுக்குப் பின்னால் முணுமுணுப்போம்.

ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. ரத்தத்தில் கிருமி. எங்கள் எல்லார் கைகளையும் பஞ்சால் துடைத்துப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார்கள். அவள் மோதிரத்தை நகர்த்தி அடியிலும் துடைத்தார்கள்.

அப்புறம் அவள் ஓரிடத்தில் நிற்கவில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல வார்டுக்கும் தாழ்வாரத்துக்கும் அலைந்தாள். குழந்தைகளைத் தொட எங்களையே அனுப்பினாள். சும்மா சும்மா கை கழுவினாள்.

“அக்கா, தோலு உரிஞ்சிடப் போவுது,” என்றேன்.

“உன் வேலையப் பாரு!” என்று எரிந்து விழுந்தாள்.

வீட்டிலும் சாப்பாடு இறங்கவில்லையாம். கணவர் லேத் பட்டறைக்காரர். அவரிடம் விரலை நீட்டியிருக்கிறாள்.

“இத வெட்டுங்க.”

“ரிசல்ட் வரட்டுமே. ஆசையா போட்டது.”

“போட்டவரே வெட்டுங்க. இது இருக்கறவரைக்கும் என்னால மூச்சு விட முடியல.”

சின்ன ரம்பத்தால் பார்த்துப் பார்த்து அறுத்தார். அடியில் தோல் ஊறி வெளுத்து, அழுக்கு அப்பியிருந்தது. அவரே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. குழந்தையின் ரத்தத்தில் இருந்த அதே கிருமி, அவள் மோதிரத்தடியில்.

அதற்குள் மருந்து வேலை செய்து காய்ச்சல் இறங்கியிருந்தது. குழந்தையின் அம்மா ஓடிவந்து அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “எல்லாம் உங்க கைராசிக்கா! எம்புள்ள பொழச்சுட்டான்.”

கிருமி எங்கிருந்து வந்தது என்பதை அந்த அம்மாவிடம் பக்குவமாகத் தானே சொல்லிக்கொள்வதாகப் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். அவள் போகவில்லை.

“இந்தக் கையிலேருந்துதாம்மா அவனுக்குக் காய்ச்சலே வந்துச்சு. மோதிரத்துக்கு அடியில கிருமி இருந்துருக்கு. தப்பு என்னுது.”

அந்தப் பெண் கையை உதறினாள். பெட்டியை மறைத்துக்கொண்டு நின்றாள். கைராசியக்கா நகரவில்லை. கண்ணீர் வழிந்தது, துடைக்கவும் இல்லை. பின்னால் குழந்தை சிணுங்கியது. பிறகு பசியில் வீறிட்டது.

அம்மா அந்த விரலைப் பார்த்தாள். மோதிரம் இருந்த இடம் வெளுத்துக் கிடந்தது.

“கழுவுங்க,” என்றாள். “இங்கயே, என் கண்ணு முன்னாடி கழுவுங்க. அப்புறம் அவனத் தூக்கிக் குடுங்க.”