மகேந்திரன் அண்ணையும் விளிம்பில் அடிக்கும் துவக்கும்

மகேந்திரன் அண்ணையின் மகள் துஷா தொலைபேசியில் அழைத்தபோது நான் விம்பிள்டனில் டிராமுக்குக் காத்து நின்றேன். "அங்கிள், அப்பா காலமை போயிட்டார். ஹார்ட் அட்டாக்" என்றாள். நான் வாய் திறக்குமுன், "அம்மா கேக்கச் சொல்லுறா, அந்தத் துவக்கை என்ன செய்யிறது?" என்றும் கேட்டாள். மகேந்திரன் அண்ணையை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. அவர் போன பிறகும் பேச்சு அந்தத் துவக்கில், அவருடைய பழைய துப்பாக்கியில்தான் போய் நின்றது.

லண்டன் டூட்டிங்கில் கூடும் நம் வாசகர் வட்டத்தில் அவரிடம் அகப்படாதவர் யார்? கவிதை பேச எழுந்தாலும் நாவல் பேச எழுந்தாலும் கொஞ்ச நேரத்தில் அமெரிக்காவுக்குப் போய்விடுவார். அங்கே உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு செய்த நெம்புகோல் துப்பாக்கி ஒன்றை அவர் ஏலத்தில் எடுத்து வைத்திருந்தார். விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னுக்குத் தள்ளினால் வெற்றுக்கூடு வெளியே விழும், அடுத்த தோட்டா மேலே வரும், சுத்தியல் பின்னுக்குச் சாயும். திரும்ப இழுத்தால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். இதை என் மகளின் கலியாண வீட்டில், பாயாசக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, சம்பந்திக்கு விளக்கினார். பாயாசம் சம்பந்தியின் வேட்டியில் விழுந்தது. அண்ணை நிறுத்தவில்லை.

அதன் முந்திய மொடலுக்குத் தோட்டாக் குழாயின் முன்முனையைத் திறந்துதான் தோட்டா போடவேண்டுமாம். அடியில் இருந்த நீண்ட வெட்டுக்குள் மண் புகுமாம். பிடிக்க மரம் இல்லாததால் சூடான குழலில் கை வேகுமாம். அடுத்த மொடலில், அதாவது அவருடையதில், தோட்டா போடப் பக்கவாட்டில் சின்னக் கதவு ஒன்று வைத்தார்கள். "அந்தக் கதவுதான் ஐசே சரித்திரம்!" என்பார். எத்தனை கூட்டங்களை அந்தக் கதவு விழுங்கியது!

அவருடைய மனைவி பவானி அக்கா அந்தத் துவக்கைப் பார்க்கவே மாட்டார். "துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச ஓடி வந்தனாங்கள்? இவர் காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறார்" என்று என்னிடம் முறையிடுவார். வீட்டுக்குள் அதற்கு எண்ணெய் போடக்கூடாது என்று அவர் தடுத்ததால், ஒருநாள் அண்ணை கிங்ஸ்பரி வீட்டுப் பின்வளவில் வெயிலில் குந்தியிருந்து எண்ணெய் போட்டிருக்கிறார். அயல்வீட்டுக்காரர் பொலிசுக்கு அறிவித்துவிட்டார். ஆயுதம் தாங்கிய பொலிஸ் வந்து, மனிதரைப் புல்லில் குப்புறப் படுக்க வைத்தது. அந்த நிலையிலும், இதற்கான தோட்டாவை இப்போது எவரும் செய்வதில்லை, ஆகவே இது வெறும் அலங்காரப் பொருள், சட்டம் அனுமதிக்கிறது என்று ஆங்கிலத்தில் விரிவுரை நிகழ்த்தியிருக்கிறார். அவர் சொன்னது சரிதான் என்று அவர்கள் உறுதிசெய்யப் பின்னேரமாகிவிட்டது.

பொலிஸ் நிலையத்திலிருந்து அவரை ஏற்றிவந்தது நான். பொறுமை போய்விட்டது. "அண்ணை, உங்களுக்கு வேற வேலையே இல்லையோ? சுட்டுப்போட்டிருந்தா என்ன செய்யிறது?" என்று காரில் கத்தினேன்.

"என்னை ஏற்கெனவே ஒருக்காச் சுட்டாச்சு" என்றார்.

நான் காரை ஓரங்கட்டினேன்.

"ஊரில. ஆரோ பெரிய வீட்டில பறிச்ச பழைய துவக்கு. நெஞ்சில வைச்சு விசையை இழுத்தான். வெடிக்கேல்லை. விளிம்பில அடிக்கிற சாதி அது. பத்தவைக்கிற மருந்து தோட்டாவின்ர நடுவில இராது, அடி விளிம்புக்குள்ள சுத்திவர இருக்கும். ஊசி பட்ட இடத்தில மருந்து பரவேல்லை. அவ்வளவுதான். என்ர துவக்கும் அந்தச் சாதிதான், ஆனா அப்பிடி ஏமாத்தாது. அதில ஊசிக்கு ரெண்டு பல்லு, ரெண்டு பக்கத்திலயும் அடிக்கும். அண்டைக்கு அந்தத் துவக்கு பிழைச்சுது, நான் பிழைச்சன்."

"சுட்டவன் ஆர், அண்ணை?"

"எங்கட ஆள்தான், ஆமிக்காரன் இல்லை. விடும். அந்தக் கதவைப் பற்றி உமக்குச் சொன்னனானோ?"

நண்பர்களே, கதவைப் பற்றி மணிக்கணக்காகச் சொன்னவர், இதை வாழ்க்கையில் ஒரு முறை, ஒரு சிவப்பு விளக்கு பச்சையாக மாறும் நேரத்துக்குள் சொன்னார். பிறகு எத்தனை தரம் கேட்டும் மசியவில்லை. இப்படி ஒருவரோடு என்ன செய்வது?

செத்தவீட்டுக் காரியங்கள் முடிந்தபின், துவக்கை ஏதாவது அருங்காட்சியகத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லி எடுக்கப் போனேன். பவானி அக்கா அதைத் தானே தூக்கிவந்து சோபாவில் கிடத்தினார். "அது எப்பிடி வேலை செய்யிறதெண்டு ஒருக்காக் காட்டும்" என்றார். நான் வளையத்தை முன்னுக்குத் தள்ளினேன். உள்ளே எல்லாம் ஓசையோடு அசைந்து திறந்துகொண்டது.

"அந்த ரெண்டு பல்லு எது?"

அக்காவுக்கும் அந்தக் கதை தெரிந்திருக்கிறது. காட்டினேன். அக்கா விரல் நுனியால் ஒன்றைத் தொட்டார், மற்றதையும் தொட்டார். கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

"கிடக்கட்டும், தம்பி. ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி போடப் போனார்.

ஆகவே துவக்கு கிங்ஸ்பரியில் இருக்கிறது. என்னிடம் மிஞ்சியது அண்ணைமேல் எனக்குள்ள எரிச்சல். முழுதாகச் சொல்லாமல் போய்விட்டாரே என்று, இன்னும் இருக்கிற ஆளோடு கோபிப்பதுபோலவே கோபம் வருகிறது. அது ஆறவேண்டாம். நானே வைத்துக்கொள்கிறேன்.