ஆசிரியைகளுக்கு மட்டும்

எழுபதுகளின் நடுவில், ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, பள்ளிக்கூடத்துக் கக்கூஸ் ஒன்றின் சாவி என் பொறுப்பில் இருந்தது. எழுதும்போது கை கூசுகிறது. கூசினாலும் விஷயம் அதுதான், நாசூக்காகச் சொல்ல என்னால் முடியாது.

சிம்மக்கல்லில் இருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது அந்தப் பெண்கள் பள்ளி. பிள்ளைகளுக்கென்று பின்பக்கம் ஒரு வரிசை கட்டியிருந்தார்கள். கதவுகளும் இல்லை, தண்ணீரும் இல்லை. நாங்கள் சேருவதற்கு முன்பே அந்த வழியில் முள்ளை வெட்டிப் போட்டு அடைத்துவிட்டார்கள். அதனால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வித்தையைக் கற்றிருந்தோம். காலையில் தண்ணீர் குடிப்பதில்லை. வீடு பக்கத்தில் உள்ளவர்கள் மதியம் ஓடிப்போய்விட்டு வருவோம், மற்றவர்கள் சாயங்காலம் வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆசிரியைகளுக்கு மட்டும் வராந்தா முடிவில் தகரக் கதவு போட்ட ஓர் அறை இருந்தது. கதவின் மேல் வெள்ளைப் பெயிண்டில் ‘ஆசிரியைகளுக்கு மட்டும்’ என்று எழுதியிருக்கும். ஆயா காலையில் அடிபம்பில் இரண்டு வாளித் தண்ணீர் அடித்து உள்ளே வைப்பாள். அன்றைக்கு அவ்வளவுதான் தண்ணீர். சாவி எங்கள் வகுப்பு டீச்சரிடம் இருந்தது. அதைத் தொலைத்துத் தொலைத்துச் சலித்துப்போய் என்னிடம் கொடுத்துவிட்டார். எங்கள் இரண்டு பேர் வீட்டிலும் பேசுவது சௌராஷ்டிரம். என்னிடம் ஏதாவது சொல்வதென்றால் அந்தப் பேச்சில்தான் சொல்வார். மற்ற பிள்ளைகள் புரியாமல் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. பதின்மூன்று வயதிலேயே பெரிய அதிகாரி ஆகிவிட்ட மாதிரி, சாவியைப் பாவாடை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன்.

மறைப்பானேன், நானும் அந்த அறைக்குள் போவேன். யாரும் பார்க்காதபோது, வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. வேறு யாருக்கும் கதவைத் திறந்துவிட்டதில்லை.

என் பெஞ்சில் கடைசியாக உட்கார்ந்தவள் திருவாதவூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். இருட்டோடு எழுந்து பஸ் பிடித்து வருவாள். அவள் திரும்பிப் போய்ச் சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். மதியம் ஓடிப்போக அவளுக்கு வீடு இல்லை. இரண்டு தடவை என்னிடம் சாவி கேட்டாள், இரண்டு தடவையும் மாட்டேன் என்றேன். அவள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. படிப்பில் என்னைவிடக் கெட்டி.

ஒருநாள் டீச்சர் கையில் ஒரு துண்டு நீல ரிப்பனோடு வந்தார். யாரோ பிள்ளைகள் உள்ளே போயிருக்கிறார்கள், மதியத்துக்கெல்லாம் தண்ணீர் காலி என்று வீட்டுப் பேச்சில் சத்தம் போட்டார். பள்ளிக்கூடம் முழுவதும் ஒரே நீல ரிப்பன்தான். ஆனால் அது என்னுடையது என்று எனக்குத் தெரியும். பயத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன். பஸ்ஸில் வருகிற பிள்ளைதான் சாவி சாவி என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், என் பையில் இருந்து எடுத்திருப்பாள் என்றேன். நாங்கள் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனால் டீச்சர் திரும்பிப் பார்த்த பார்வை புரிந்திருக்கும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை இடைவேளையில் அவள் என்னைத் தேடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“சாவியக் குடு புள்ள. இன்னைக்கி மட்டும். வீட்டுக்குத் தூரமாயிட்டேன், பஸ்ல வரும்போதே. துணி வச்சிருக்கேன், மாத்திட்டு வந்துர்றேன்.”

“டீச்சருக்கு மட்டும்தான். எனக்குல்ல திட்டு விழுகும்.”

“எம்புட்டுத் தண்ணி செலவாகுதோ அம்புட்டையும் நானே அடிச்சுக் கொண்டாந்து ஊத்திர்றேன். சத்தியமா.”

நான் கொடுக்கவில்லை. கொடுத்து, அவள் உள்ளே இருக்கும்போது டீச்சர் வந்துவிட்டால், ரிப்பன் கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். அப்போது எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான்.

இடைவேளை முடிந்ததும் குடிமையியல் வகுப்பு. உரிமைகளும் கடமைகளும் பாடம். டீச்சர் வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்து அவளிடம் நின்றார். அவள் பதில் சொன்னாள், ஆனால் உட்கார்ந்தபடியே. சமத்துவ உரிமை, சுதந்திர உரிமை, சுரண்டலுக்கு எதிரான உரிமை என்று ஒன்று விடாமல், பலகையைப் பார்த்தபடி ஒப்பித்தாள்.

“எந்திரிச்சு நின்னு சொல்லு.”

அவள் எழவில்லை. மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தாள்.

“காது கேக்கலையா? திருட்டுத்தனமும் செஞ்சுட்டுத் திமிர் வேறயா?”

வகுப்பில் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். அவள் எழாததன் காரணம் எனக்குத் தெரியும். வீட்டுப் பேச்சில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், வேறு யாருக்கும் புரிந்திருக்காது, டீச்சரும் விட்டிருப்பார். பொய் சொல்லத் தெரிந்த அதே வாயால் சொல்லியிருக்கலாம். வாயே திறக்கவில்லை. டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

பாவாடையில் பட்டிருந்தது, பெஞ்சிலும் பட்டிருந்தது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். டீச்சர் கையை விட்டுவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, முகம் செத்துப்போய்விட்டது. குரலைத் தாழ்த்தி என்னிடம், சாவி இருக்கிறதல்லவா, அவளைக் கூட்டிக்கொண்டு போ என்றார்.

தகரக் கதவுக்கு முன்னால் நின்று சாவியை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை.

“இப்ப எதுக்கு?” என்றாள்.

பைக்கட்டைப் பின்னால் பிடித்து மறைத்துக்கொண்டு நேரே வாசலைப் பார்த்து நடந்தாள். ஒட்டினாற்போல நானும் பின்னால் நடந்தேன். சிம்மக்கல்லில் மூட்டை இறக்குகிறவர்களும் கடைக்காரர்களும் எங்களைப் பார்த்தார்கள். பஸ் வந்ததும், “போ, ஒனக்கு அடுத்த பெல் அடிச்சுரும்” என்றாள். பஸ்ஸில் இடம் இருந்தது, அவள் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பத்து நாள் கழித்து, வருகைப் பதிவேட்டை ஆபீஸில் கொடுக்கப் போனேன். அங்கே கண்டாங்கி கட்டிய ஓர் அம்மா, அவள் பேரைச் சொல்லி டி.சி. கேட்டுக்கொண்டிருந்தார். எழுத்தர் எழுதித் தந்த இடத்தில் கைநாட்டு வைத்தார். தலைமையாசிரியை காரணம் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்த அந்த அம்மா வராந்தாவில் என்னைப் பார்த்ததும் நின்றார்.

“தாயி, மொத பஸ்ஸுக்குக் கெளம்புனது. ஒதுங்க எடம் எங்கிட்டு இருக்கு?”

அவர் கேட்டு முடிப்பதற்குள் சாவியை எடுத்துவிட்டேன். தகரக் கதவைத் திறந்துவிட்டு வெளியே காவல் நின்றேன். ஆயா பார்த்துவிட்டு, வராந்தாவைப் பெருக்கிக்கொண்டே போய்விட்டாள். இவ்வளவு சுலபமா இது என்று எனக்கே திக்கென்றது.

அவர் முகத்தையும் கழுவிக்கொண்டு வெளியே வந்தார்.

“எம்புட்டுச் சுத்தமா வச்சிருக்காக! வாளி நெறையத் தண்ணி. அந்தச் சிறுக்கி என்ன சொன்னா தெரியுமா? பள்ளிக்கூடத்துல பொம்பளப் பிள்ளைக ஒதுங்க எடமே இல்ல, சாவியும் குடுக்க மாட்டாகன்னு ஒரே அழுக. அவ அப்பனோட மல்லுக்கட்டி நாந்தேன் இம்புட்டுத் தூரம் படிக்க அனுப்புனேன். கூசாமப் பொய் சொல்லிருக்கா பாரு. வீட்டுக்குப் போயி இருக்கு அவளுக்கு.”

டி.சி.யை நான்காக மடித்து மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். அவர் தலைக்கு மேலேயே அந்த வெள்ளைப் பெயிண்ட் எழுத்து இருந்தது. அவருக்குப் படிக்கத் தெரியாது. உங்கள் மகள் சொன்னது பொய் இல்லை என்று நான் சொல்லக்கூட வேண்டாம், அந்த இரண்டு வார்த்தைகளைப் படித்துக் காட்டியிருந்தால் போதும். அவர் ஒரு நொடி நின்று என் கன்னத்தைத் தடவினார்.

“நீயாச்சும் நல்லாப் படி தாயி.”

சரி என்று தலையாட்டினேன். அவர் வாசலைத் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.