இரண்டாயிரத்து முந்நூறு படங்களும் ஒரு வீடியோக் கடை நிரலும்

என் பெயர் கஸ்பார். சுங்கை சிப்புட்டுக்கு அருகிலிருந்த ரப்பர்த் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு ஆண்டுகள் அலுவலகக் கிராணியாக எழுத்து வேலை பார்த்து, 1985இல் ஓய்வு பெற்று, ஈப்போவில் புந்தோங் பகுதிக்குக் குடிவந்தேன். ஒழுங்கு என்பது என்னிடமிருந்த நற்குணம் என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். அதை ஒரு வியாதியாகக் கருதியவள் என் மனைவி இசபெல்லா. எங்கள் வீட்டுக் குடைகளுக்கு எண் உண்டு. இரண்டே குடைகள்தாம்; ஆயினும் எண் உண்டு. மழை வந்தால் நான், "ரெண்டாம் நம்பர் எங்க?" என்று கேட்பேன். "ஒன்னாம் நம்பரு உங்க கையில இருந்தா, மிச்சமா கெடக்கிறது ரெண்டாம் நம்பருதான்," என்பாள் அவள்.

தோட்டத்தில் காமிரா வைத்திருந்தவன் நான் ஒருவனே. கல்யாணம், காது குத்து, தேர்த் திருவிழா, முதல் நற்கருணை என்று எல்லாவற்றையும் எடுத்தேன். ஓய்வு பெற்றபோது இரண்டாயிரத்து முந்நூறு படங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை இசபெல்லா பதினொரு பிஸ்கட் டின்களில், லயம் லயமாக, அதாவது தொழிலாளர் வீட்டு வரிசை வாரியாக, பிரித்து வைத்திருந்தாள். கோயிலடி லயத்தார் கிளிப் படம் போட்ட டின்னில் இருந்தனர். மேட்டு லயத்தார் சிவப்பு டின்னில். யார் வந்து கேட்டாலும், கொடுத்த தேநீர் ஆறுவதற்குள் படத்தை எடுத்து நீட்டிவிடுவாள். இந்த ஏற்பாட்டில் எண் எதுவும் இல்லை. ஆகவே இதை ஒரு முறையென்று நான் ஒப்புக்கொள்ளவில்லை.

1986 கிறிஸ்துமஸுக்கு வந்த மகன் லூர்துசாமி, தன் அலுவலகம் கழித்துப்போட்ட கணினி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான். பச்சை எழுத்துத் திரை. வட்டு செருக இரண்டு வாய்கள். இயங்கும்போது மாவு மில்லின் ஓசை. படங்களைக் காட்டும் வல்லமை அதற்கு இல்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை மட்டும் வைத்துக்கொள்ளும். அது போதும் என்று எனக்குப் பட்டது. இனி வேண்டியது பொருத்தமான ஒரு நிரல் மட்டுமே.

அந்த நிரலைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஐந்து மாதங்கள் பிடித்தன. கட்டம் போட்ட தாளில் பதினான்கு தகுதிகளைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண் வகுத்தேன். பிறகு கணினிச் சாமான் விற்கும் லியோங்கின் கடைக்கு நடையாய் நடந்தேன். லியோங் புந்தோங்கில் தமிழ்ப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்தவர். என்னிடம் தமிழிலேயே பேசுவார். முதலில் நான் தேர்ந்தது பெரிய அலுவலகங்களுக்கு ஆன நிரல். நூற்று நாற்பதுக்கு நூற்று முப்பத்தொன்று பெற்ற அந்த நிரலைப் போட்டதும் என் கணினி ஒருமுறை செருமிவிட்டு அடங்கிப்போயிற்று.

"அங்கிள், இது கம்ப்யூட்டர் இல்ல, தாத்தா லா," என்றார் லியோங். "தாத்தாவுக்கு முறுக்கு குடுத்தா எப்படி? கஞ்சி குடுங்க."

இரண்டாவது நிரல் ஓடியது. ஆனால் அதன் கட்டளைகள் அனைத்தும் சீன எழுத்தில் இருந்தன. ஒவ்வொரு படத்துக்கும் லியோங்கை வீட்டுக்கு அழைக்க இயலாது. மூன்றாவது, வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடும் கடைகளுக்காக எழுதப்பட்டது. என் அட்டவணையில் அது பெற்ற மதிப்பெண் இருபத்திரண்டு. என் கணினியில் எனக்குப் புரியும்படி ஓடியதும் அது ஒன்றே. அட்டவணையைப் புதிதாகப் போட்டு, அதையே முதலிடத்துக்கு வரச் செய்தேன்.

அந்த நிரலில் ஒவ்வொரு பதிவுக்கும் கதாநாயகன், கதாநாயகி, மொழி, எடுத்துச் சென்றவர், திருப்பித் தரும் நாள் என்று இடங்கள் இருந்தன. எதையும் காலியாக விட முடியாது. எங்கள் திருமணப் படத்தைத்தான் முதலில் பதிந்தேன். திருப்பித் தரும் நாள் என்ற இடத்தில் திருமண நாளை இட்டேன். மறுநாள் பொத்தானை அழுத்தியதும் கணினி 'கீ கீ' என்று அலறி, படம் இன்னும் திரும்பவில்லை என்றது.

"எதுக்கு இப்படிக் கத்துது?" என்றாள் இசபெல்லா.

விளக்கினேன்.

"கட்டிக்கிட்டு வந்தவ முப்பது வருசமா திரும்பிப் போகலையேன்னு அதுக்கும் கவலை போல."

பெயர்களைப் பதிவதில் அடுத்த இடர் எழுந்தது. கதாநாயகனுக்கு எட்டு எழுத்துகளே இடம். எங்கள் தோட்டத்து மக்களின் பெயர்கள் எட்டில் அடங்குவன அல்ல. அன்றியும் சின்னையா என்ற பெயரில் ஐந்து பேர் இருந்தனர். முப்பத்தொரு ஆண்டுகள் நான் மனிதர்களை அறிந்ததே செக்ரோல் என்ற வருகைப் பேரேட்டின் எண்ணால்தான். விடியலில் பெரட்டுக்கு ஆட்கள் கூடும்போது பெயர் கூப்பிட்டு எண்ணுக்கு நேரே கோடு போட்டவன் நான். படங்களின் பின்புறத்திலும் இடமிருந்து வலமாக அந்த எண்களையே எழுதி வைத்திருந்தேன். ஆகவே கதாநாயகனுக்கும் எண்ணே போதும் என்று முடிவு செய்தேன். பிஸ்கட் டின்களைக் கவிழ்த்து, படங்களைக் கலைத்து, என் வரிசைப்படி உறைகளில் இட்டேன். இசபெல்லா அரிசி களைவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அது நல்ல அறிகுறி என்று எண்ணினேன்.

ஜூன் மாதம் கருப்பம்மாள் வந்தாள். கோயிலடி லயத்தில் இருந்தவள். தோட்டத்தை விற்றபின் சுங்கை சிப்புட்டில் வாடகை வீட்டில் இருந்தாள். அவள் கணவன் சன்னாசி இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆகஸ்டு இறுதியில் மகள் வீரம்மாவுக்குத் திருமணம்.

"அப்பா படத்துக்கு மாலை போட்டு, வுழுந்து கும்பிட்டுட்டுத்தான் மணவறையில ஏறுவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. வீட்டுல ஒரு படம் இல்ல ஐயா. அடையாளக் கார்டு ஐ.சி.ல இருந்தது ஒன்னு. செத்ததப் பதியப் போனப்ப அதையும் வாங்கி வச்சிக்கிட்டாங்க. உங்ககிட்ட கட்டாயம் இருக்கும்னு சொல்லித்தான் அவள சமாதானப்படுத்தி வச்சிருக்கேன்."

"உக்காரு கருப்பம்மா, தேடிப் பாத்துடலாம்," என்று இசபெல்லா எழுந்தாள்.

நான் தடுத்தேன். "வேண்டாம். பதிவு முடியட்டும். அப்புறம் ஒரே நிமிசம். மெசினே சொல்லிடும்."

"ஒரு நிமிசமா!" என்று கருப்பம்மாள் கணினியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிட்டை நான் எனக்கென்று எடுத்துக்கொண்டேன்.

பதிவு ஆகஸ்டு நடுவில் முடிந்தது. சன்னாசியின் எண் 147. அது எனக்கு மனப்பாடம். அந்த எண்ணை இட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு படத்தைக் காட்டிற்று: 1966, பால்வெட்டும் வெட்டுமரக்காரர் வரிசை, இடமிருந்து நான்காவது ஆள். உறையை எடுத்தேன். முகம் பயற்றம் பருப்பளவே இருந்தது. என் இடக்கண்ணில் புரை வளர்ந்திருந்தது. இருப்பினும் கணினி பொய் சொல்லுமா? நான்காவது தலைக்கு மேல் புள்ளி வைத்து, ஈப்போவில் ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். முகத்தை மட்டும் பெரிதாக்கி, கழுத்துக்குக் கீழே கோட்டும் டையும் வரைந்து, சட்டம் போட்டுத் தந்தார்கள். பழுப்புத் தாளில் சுற்றியிருந்ததை நான் பிரித்தும் பார்க்கவில்லை.

திருமணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது கருப்பம்மாள் வந்து, தாளைப் பிரித்தாள். கண் கலங்கும் என்று எதிர்பார்த்து, நானும் ஒரு தகுந்த முகத்தைத் தயாராக வைத்திருந்தேன்.

"ஐயா... இது நம்ம மாயாண்டி மண்டோரு லா!"

இசபெல்லா எட்டிப் பார்த்தாள். "ஆமா, அவரேதான். மூக்கப் பாருங்க."

"மனுசன் நேத்துக்கூட வீட்டுக்கு வந்து, பந்தலுக்கு அளவெடுத்து, ரெண்டு டீ குடிச்சிட்டுப் போனாரு! உசுரோட இருக்கிறவருக்கு மாலையப் போட்டு எம்மவ கும்பிட்டான்னா, அவரு பொண்டாட்டி என்னைய பால்வெட்டுற உளியாலயே வெட்டிப்புடுவா!"

பழைய பேரேட்டைப் புரட்டினேன். 1974இல் தோட்டம் கைமாறியபோது ஆட்கள் அனைவருக்கும் புதிய எண்கள் தரப்பட்டிருந்தன. அதற்கு முன் 147 மாயாண்டி, ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் ஆகாதிருந்த காலம்; பின்பு சன்னாசி. அந்த மாற்றத்தை மூன்று இரவுகள் கண்விழித்து, மூன்று நிற மையில் எழுதியவன் நானே. அடியில் என் கையொப்பமும் இருந்தது.

அதற்குமேல் எனக்கு அங்கே அதிகாரம் இருக்கவில்லை. இரு பெண்களும் உறைகளை எல்லாம் பாயில் கொட்டினர். இசபெல்லா தன் நினைவிலிருந்து கோயிலடி லயத்தை மறுபடியும் கட்டி எழுப்பினாள். பிற்பகல் முழுதும் தேடினர். சன்னாசி எதிலும் இல்லை. என் முறையில் மட்டுமன்று, அவள் முறையிலும் இல்லை. இதில் எனக்கு ஒரு கணம் அற்ப மகிழ்ச்சி உண்டாயிற்று என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கருப்பம்மாளின் முகத்தைப் பார்த்ததும் அது போயிற்று.

"அவகிட்ட என்னன்னு சொல்லுவேன்?" என்றாள் அவள். பிறகு, என்னைக் குறை சொல்லும் தொனியே இல்லாமல், "எப்படி ஐயா இருப்பாரு? நீங்க காமிராவத் தூக்கினா, பெட்சீட்ட இழுத்துப் புடிச்சிக்கிட்டு ஓரத்துல நிக்கிறது அவருதானே," என்றாள்.

எனக்கு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. 1969இல், குடியுரிமை இல்லாத தொழிலாளர்களுக்கு வேலைப் பெர்மிட் வேண்டுமென்று உத்தரவு வந்தபோது, இரண்டே நாளில் இருநூறு பேருக்கு மேல் படமெடுத்தேன். பின்னணிக்கு ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. அதன் ஒரு முனையைக் கோயில் தூணில் கட்டியிருந்தோம். மறுமுனையை இரண்டு நாளும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நின்றவன் சன்னாசி. அவனுக்குக் குடியுரிமை இருந்ததால் படம் தேவைப்படவில்லை. பெர்மிட் அளவுக்கு வேண்டுமென்று ஒவ்வொரு படத்தின் ஓரத்தையும் நானே கத்தரித்து எறிந்திருந்தேன். இருநூறு முறை அவனை வெட்டி எறிந்திருக்கிறேன். நெகட்டிவ்களை மட்டும் யாரும் கத்தரிக்கவில்லை. அவை அலமாரியின் மேல்தட்டில் ஆண்டுவாரியாகச் சரியாக இருந்தன. என் சீர்திருத்தம் அதுவரை எட்டியிருக்கவில்லை.

சுருளைச் சன்னலுக்கு நேரே பிடித்துக் காட்டினேன். நெகட்டிவில் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். கருப்பம்மாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"அவருதான்," என்றாள். "முடியப் பாருங்கம்மா, பஞ்சு மாதிரி. நரைக்கிறதுக்கு முன்னாலயே போயிட்ட மனுசன். இதுல கெழவனா நிக்கிறாரு."

இசபெல்லா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் சுருளை ஆடாமல் பிடித்திருந்தேன். அன்று நான் பிழையின்றிச் செய்த வேலை அது ஒன்றே.

ஓரத்தில் அவன் முழுமையாக விழுந்திருந்த நெகட்டிவை அவளே தேர்ந்தாள். படத்துக்கு உட்கார்ந்திருந்தவரின் விறைப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். ஸ்டூடியோக்காரர், "கோட்டு வேணுமாம்மா?" என்றார்.

"வேணும். நீலக் கலரு."

விரிப்பை அழித்துவிட்டார்கள். தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே விட்டு, அதற்கும் நீலக் கை வரைந்துவிட்டார்கள். கோட்டும் டையும் அணிந்த சன்னாசி, ஒரு கையை உயர்த்தி, பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்பவனைப் போலச் சிரித்தான்.

திருமண மண்டபத்தில் அந்தப் படத்தைக் கண்டதும் நான் ஒரு தூணோரமாக ஒதுங்கினேன். மாயாண்டி மண்டோர் என் பக்கத்தில் வந்து நின்று, "என்னா கிராணி, மச்சான் எந்த பஸ்ல போறாரு?" என்று காதோரம் கேட்டார்.

அதற்குள் வீரம்மா பட்டுச் சேலையில் வந்து, படத்துக்கு மாலை போட்டாள். தூக்கியிருந்த கை அதற்கு இடைஞ்சலாக இல்லை. விழுந்து கும்பிட்டு எழுந்தவள், படத்தையே சிறிது நேரம் பார்த்தாள்.

"அம்மா, அப்பா கையத் தூக்கி ஆசீர்வாதம் பண்றாரு," என்றாள்.

கருப்பம்மாள் என் பக்கம் திரும்பிப் பார்க்கவே இல்லை. "பண்ணாம?" என்றாள். "நீ மேல ஏறு, நேரமாச்சு."