கழுத்து இறகுக்காக வளர்த்த சேவல்கள்

நான் பூச்சி கட்டிச் சம்பாதிக்கிறேன் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். தூண்டில் முள்ளைச் சின்ன இடுக்கியில் மாட்டி, நூல் சுற்றி, சேவலின் கழுத்து இறகை அதன்மேல் வளைத்துக் கட்டினால் பார்வைக்கு ஈயோ கொசுவோ போல இருக்கும். குளிர்ந்த ஆறுகளில் ட்ரவுட் என்ற மீன் அதை நிஜப் பூச்சி என்று நினைத்துக் கவ்வும். அந்த மீனை நான் கண்ணால் பார்த்ததில்லை.

பிறந்தது சின்னாளபட்டியில், தறி ஓடிய வீட்டில். இழை அறுந்தால் பார்க்காமலே முடிச்சுப் போடும் விரல் எனக்கு. கல்யாணமாகி ரெட்டியார்சத்திரம் பக்கம் தோட்டத்து வீட்டுக்கு வந்த பிறகு, கொடைக்கானலில் தூண்டில் சாமான் விற்கும் ஒருவர் வெளிநாட்டு ஆர்டருக்கு ஆள் தேடுவதாகக் கேள்விப்பட்டுப் போனேன். செல்போனில் வீடியோ பார்த்துத் தொழில் பழகினேன்.

இறகு சரியாக அமைந்தால்தான் பூச்சி. கறிக்கடையில் கிடைப்பது இளஞ்சேவலின் இறகு. மெத்தென்று இருக்கும், தண்ணீரைக் குடித்து மூழ்கிவிடும். ஒரு வயது தாண்டிய சேவலின் கழுத்து இறகுதான் விறைப்பாக நின்று மிதக்கும். அதற்காகவே ஒன்பது சேவல்கள் வளர்த்தேன். ஒன்றையொன்று கொத்தி இறகைக் கெடுத்துவிடும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு. வேண்டும்போது நாலைந்து இறகை மட்டும் கத்தரித்துக்கொள்வேன்.

"மாப்பிள்ளைக மாதிரி வச்சிருக்க. என்னைய யாரு கேக்குறா" என்பார் என் வீட்டுக்காரர்.

போன பங்குனியில் ஒரு நாள் காலை சாம்பல் சேவல் கூவவில்லை. இறகைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. கூண்டுக்கடியில் பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்திருந்தது.

"வெயிலுக்கு அசந்திருக்கும். செத்த நேரம் விடு" என்றார் அவர்.

என்ன நோவு என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தை மாதம் கால்நடை ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊருக்குள் வந்து கோழிகளுக்குத் தடுப்பூசி போட்ட அன்று நான் தங்கையின் வளைகாப்புக்குப் போயிருந்தேன். திரும்பி வந்த பிறகாவது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருக்கலாம். இன்று நாளை என்று விட்டுவிட்டேன்.

கால்நடை ஆஸ்பத்திரி டாக்டரம்மா நான் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார்.

"வெள்ளக்கழிச்சல்தான்மா. வந்த பொறகு இதுக்கு மருந்து கெடையாது."

"மத்த எட்டுக்கும் இப்பப் போட்டா?"

"போடலாம். ஆனா நோவு ஏற்கனவே உள்ள எறங்கியிருந்தா ஊசி கேக்காது. செத்ததை ஆழமா குழி வெட்டிப் பொதைங்க. எறகு எதையும் எடுக்காதீங்க, நோவு அதுல ஒட்டிக்கிட்டே போயிரும்."

வீட்டுக்கு வந்து சீரகம், மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருட்டி ஒவ்வொன்றின் அலகையும் பிரித்து ஊட்டினேன். சாம்பல் சேவல் விழுங்கவில்லை. அன்று மதியமே போய்விட்டது. மறுநாள் இரண்டு. மற்றவற்றுக்குக் கழுத்து முறுக்கத் தொடங்கியது. எந்தக் கழுத்தை வாரம் தவறாமல் தடவிப் பார்த்தேனோ அது துணி பிழிவதுபோலத் திருகித் தலை முதுகில் போய்ப் படிந்தது. கையால் நேராக்கிப் பிடிப்பேன். விட்டதும் மறுபடி திரும்பும். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். பிடிப்பதும் விடுவதுமாக நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் கொடைக்கானல்காரர் போன் செய்தார். "சாம்பல் பூச்சி என்னாச்சுக்கா? பார்சல் போகணும்" என்றார். சொன்னேன். "எறகை மட்டுமாவது எடுத்து வச்சிருங்க. அது கெட்டா போகப்போகுது" என்றார்.

அன்று செவலைச் சேவல் செத்திருந்தது. தென்னைக்கு அந்தப்பக்கம் என் வீட்டுக்காரர் குழி வெட்டிக்கொண்டிருந்தார். நான் அதை மடியில் போட்டுக் கழுத்தைப் பிரித்துப் பார்த்தேன். அதற்கு முன் அம்புட்டு நல்ல இறகு எனக்கு வாய்த்ததில்லை. ஒவ்வொன்றும் குச்சிபோல நின்றது, வெயிலில் மினுங்கியது. கத்தரிக்கோல் கையில்தான் இருந்தது. வெட்டினேன். ஒரு கைப்பிடி இருக்கும்.

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்தார். "நம்ம கோழிதான் போச்சு. வேற எவன் வீட்டுக் கோழிக்கும் இது போய்ச் சேரணுமா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. சேவலைக் குழியில் இறக்கினேன். இறகை அதன் மேலேயே போட்டேன். அவர் சுண்ணாம்பு தூவி மூடினார்.

ஒரு வாரத்தில் ஒன்பதில் எட்டு போய்விட்டன. ட்ரவுட் பூச்சி ஆர்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. பாஸ் என்ற பெரிய மீனுக்கான பூச்சிகளுக்கு மட்டும் கொடைக்கானல்காரர் இப்போது ஆர்டர் கொடுக்கிறார். அதற்கு ரப்பர் காலும் கம்பளி நூலும் போதும், மிதக்கிற இறகு வேண்டாம். கட்டுகிறேன். புதிய குஞ்சு வாங்கலாம் என்று வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். ஒரு வயதாக வேண்டுமே என்று மட்டும் சொன்னேன்.

பிழைத்தது ஒன்றே ஒன்று, ஒரு வெள்ளைச் சேவல். கழுத்து திருகியது திருகியபடியே நின்றுவிட்டது. தானியத்தைக் குறிவைத்துக் கொத்தினால் அலகு பக்கத்துத் தரையில் விழுகிறது. முன்னால் போக நினைத்துப் பின்னால் நடக்கிறது. காலையும் மாலையும் சோற்றை உருட்டி நான்தான் ஊட்டுகிறேன். வலிக்கிறதா, பசி அடங்கியதா என்று தெரிவதில்லை. "அதை ஏன் இம்புட்டு வதைக்குற, அறுத்து விட்ரு" என்று பக்கத்துத் தோட்டத்து அக்கா சொல்கிறாள். சரியாகத்தான் சொல்கிறாளோ என்னவோ. நேற்றும் ஊட்டினேன்.