எல்லைக்கல்லுக்கு அடியில் கரி

எங்கள் கீழ்மாவிளையைப் பற்றி எது தெரிய வேண்டுமானாலும் ரத்னபாயக்காவிடம்தான் போக வேண்டும். நெய்யாற்றுக் கால்வாய் எங்கே உடைந்தது, ஐம்பத்தாறில் மாநிலம் பிரித்தபோது யாருடைய விளைநிலம் தமிழ்நாட்டுப் பக்கம் போனது, தண்ணீர் ஓடும் எந்தத் தோடு எந்த வயலுக்குள் மறைந்தது, எல்லாம் அத்துப்படி. பதினாறு வருடம் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைப் பெண்களை வைத்து வேலை வாங்கி, அத்தனை தோடும் வெட்டிச் சுத்தம் செய்தவர். பஞ்சாயத்து ஆபீசிலேயே சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தான் சொல்லித் தப்பினதில்லை என்பதையும் அவரே நாலு பேரிடம் சொல்லிவிடுவார்.

நான் அடுத்த வீட்டுக்காரி, ஆனந்தலட்சுமி. எங்களுக்கு நடுவில் ஐந்தடி வழி. ஒரு பக்கம் எங்கள் மதில், மறுபக்கம் அக்காவின் அடுக்களை. போன வருடம் அவர் கணவர் தங்கப்பண்ணனுக்கு வாதம் வந்து விழுந்தபோது ஆம்புலன்ஸ் ரோட்டிலேயே நின்றுவிட்டது. பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் தப்பியது, பேச்சும் வலது கையும் போய்விட்டன. அன்றிலிருந்து அக்கா என் முகத்தில் விழிப்பதில்லை. ஆதாரப் பத்திரத்தில் எட்டடி இருக்கிற வழியை என் அப்பா நீலகண்ட பிள்ளை மதில் கட்டி விழுங்கிவிட்டாராம். அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. உள்ளே பயமும் இருந்தது. அப்பா அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான்.

இந்த மாசியில் டிஜிட்டல் சர்வே வந்தது. சர்வேயர் மோகனன் கம்பில் கருவியை மாட்டி நாலு மூலையும் பார்த்தார். "சேச்சி, பழைய கல்லு எவிடயும் காணல்ல. உள்ளது அஞ்சடி, அஞ்சடின்னே எழுதும்" என்றார். எழுதிவிட்டால் முடிந்தது. பின்னால் இருக்கிற பதினொரு வீட்டுக்கும் இனி நாற்காலிதான் ஆம்புலன்ஸ்.

"எழுதாதிங்க சாரே. கரி இருக்கும்" என்றார் அக்கா.

எங்கள் பக்கத்தில் எல்லைக்கல் நாட்டும்போது அக்கம்பக்கத்து இரண்டு வீட்டு அடுப்பிலிருந்தும் ஆளுக்கொரு சட்டி கரி எடுத்துக் குழியில் போடுவார்கள். கல்லை எவனும் நகர்த்திவிடலாம். கரியைத் தோண்டி அள்ளிக்கொண்டு போக யாருக்குத் தோன்றும்? அது மக்கவும் செய்யாது.

"ஆனந்தம், உனக்க மதிலுக்க உள்ள தோண்டுகதுக்கு சம்மதமா?" ஒரு வருடம் கழித்து அக்கா என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தோண்டுங்க. கரி இல்லேன்னா?"

"இல்லேன்னா தப்பு எனக்க பக்கமாக்கும். எனக்க அடுக்களய நானே இடிப்பேன்."

மோகனனின் ஆட்கள் மதிலுக்கு மூன்றடி உள்ளே தோண்டினார்கள். வெறும் செம்மண். வராந்தாவில் உட்கார்ந்திருந்த தங்கப்பண்ணன் இடது கையை அடுக்களைப் பக்கம் நீட்டி நீட்டிக் காட்டினார். "சாயாவா? செத்த பொறுங்க" என்றார் அக்கா. மகள் ரெஜிலா சாயா கொண்டுவந்தாள். அண்ணன் தட்டிவிட்டார்.

இரண்டாவது குழி மதிலின் அஸ்திவாரத்தையொட்டி. ஒன்றரை அடி ஆழத்தில் கறுப்பாக வந்தது. அப்பா சரியான இடத்தில்தான் கட்டியிருக்கிறார். மோகனன் அங்கிருந்து எட்டடிக்கு டேப்பை இழுத்தார். டேப் அக்காவின் அடுக்களைக்குள்ளே போய் நின்றது. அங்கே தரையைப் பெயர்த்தபோது அடியில் வழியின் மறு எல்லைக் கரி கிடந்தது.

ரெஜிலா பிறந்தபோது அக்கா இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். திரும்பி வந்தபோது வீட்டில் புது அடுக்களை தயாராக இருந்தது. அண்ணன் ஆசையாகக் கட்டிக்கொடுத்தது என்று அக்கா ஊர் முழுக்கப் பெருமை பேசியிருக்கிறார். ஊரையே அளந்தவர் அதை மட்டும் அளக்கவில்லை.

அக்கா வராந்தாவுக்குப் போனார். "தெரிஞ்சிட்டாக்குமா கெட்டினிய?"

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அக்கா முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு, நேரே போய்க் கூந்தாலியை எடுத்து அடுக்களைச் சுவரில் ஒரு போடு போட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "நில்லுங்க அக்கா. என் பக்கத்துல ஒண்ணரை அடி விடுறேன், பாதி அடுக்களையாவது நிக்கட்டும்."

"வேண்டாம் மக்கா. செத்த மனுசன ஒரு வருஷமா ஏசிட்டேன்."

"நானும்தான் அக்கா, அப்பாவ மனசுக்குள்ள" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

வழி இப்போது எட்டடி. புதுக் கல் நாட்டின அன்று ஒரு சிக்கல். இரண்டு வீட்டிலும் கேஸ் அடுப்பு, கரிக்கு எங்கே போவது? அக்கா முற்றத்தில் தேங்காய்ச் சிரட்டையைக் கூட்டி எரித்தார். தன் வீட்டுப் பங்கைத் தங்கப்பண்ணன் கையால்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். வாசல்வரை வந்த ஆட்டோவில் அண்ணனை ஏற்றி, கல் நாட்டுகிற மூலைவரை கொண்டுபோனோம். அவர் இடது கையால் கரியை அள்ளிக் குழியில் போட்டார்.