காக்காவின் ஊடு

எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கடிதம் எழுதினாலும் இன்னொருவரிடம் காட்டித் திருத்துகிறவள். ஒரு சொல்லைப் பற்றி எழுத வந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிழக்கிலங்கையில் எங்கள் பக்கத்தில் வீட்டை ‘ஊடு’ என்போம். அந்தச் சொல் தனியாக வராது, முன்னால் ஒரு பெண் நிற்பாள், அம்மாவோ அக்காவோ மனைவியோ. உம்மாட ஊடு, ராத்தாட ஊடு, பொஞ்சாதிட ஊடு. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை அங்கே போய் இருப்பார். ‘என்ட ஊடு’ என்று ஓர் ஆண் சொல்லி நான் கேட்டது குறைவு. அண்ணனைக் காக்கா என்போம்; என் காக்காவின் மனைவி மௌத்தாகி மண்ணுக்குப் போகும் வரை அதை நான் யோசித்ததும் இல்லை.

காக்கா மேசன். வாப்பா இல்லாததால் சாய்ந்தமருதில் எனக்கான வீட்டை அவரே கல் வைத்துக் கட்டினார். பிறகு கலியாணம் முடித்துக் கல்முனையில் மனைவியின் வீட்டுக்குப் போனார். எண்பதுகளின் தொடக்கத்தில் மனைவி காய்ச்சலில் மௌத்தானார். அங்கே மாமியார், மனைவியின் கலியாணமாகாத குமர்த் தங்கச்சி, காக்காவின் சின்ன மகள். குமர் இருக்கிற வீட்டில் இனி அவர் இருக்க முடியாது. அந்தத் தங்கச்சியைக் கலியாணம் முடிக்கச் சொல்லிக் கேட்டார்கள். “நான் தூக்கி வளர்த்த புள்ள” என்று மறுத்துவிட்டார். மகளை அங்கே விட்டுவிட்டு, ஒரு பையோடு என்னிடம் வந்தார்.

“மச்சான், நீங்க கட்டின ஊடு. கூச்சப்படாம இருங்க” என்றார் என் மாப்பிள்ளை, என் கணவர்.

“கட்டின ஊட்டிலெல்லாம் இருக்கிறதெண்டா கல்முனையில பாதி எனக்குத்தான்.”

சிரித்தோம். ஆனால் காக்கா விறாந்தையில்தான் படுத்தார். மாப்பிள்ளை வந்தால் கதிரையை விட்டு எழும்பினார். நான் “இரிங்க காக்கா” என்று சொல்லச் சொல்ல இன்னும் சுருங்கினார். நான் எதைச் சொன்னாலும் வீட்டுக்காரி சொல்வதாகவே கேட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மகளைக் கூட்டி வந்தார். பின்னேரம் வரை விளையாடிய பிள்ளை அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாப்பா, நம்மட ஊட்ட போவம்.”

“ஓம் மகள், உங்கட ஊட்ட கொண்டுபோய் விடுறன்.”

“நீங்களும் வந்து படுங்க.”

“வாப்பாக்கு வேலை இரிக்கி.”

“அப்ப உங்கட ஊடு எது?”

காக்கா செருப்பைத் தேடினார். என் மாப்பிள்ளை அவசரமாக, “இதுதான் மகள், இந்த மாமிட ஊடு” என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். வேறு எப்படிச் சொல்வதென்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. காக்கா பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்து, பசியில்லை என்று படுத்துவிட்டார்.

மறுநாள் அவர் அக்கரைப்பற்றில் ஒரு வேலைக்குப் போனார். கட்டி முடியாத அந்த வீட்டிலேயே தங்கலாம் என்று சொன்னார்களாம். அன்று சமைத்த பருப்பும் கருவாடும் எங்களுக்கு மட்டும்தான்.