பரீட்சை முடியும் வரை

தாங்கள் பிரிந்துவிட்டது பத்தாம் வகுப்புப் பரீட்சை முடியும்வரை எனக்குத் தெரியக்கூடாது என்று அப்பாவும் அம்மாவும் முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

டிசம்பரிலிருந்தே அப்பா எங்கள் மந்தைவெளி வீட்டில் இல்லை. சைதாப்பேட்டையில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆனால் தினமும் நான் எழுந்து வரும்போது ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பார். ராத்திரியானால், "ஆபீஸ்ல வேலை, நீ தூங்கு" என்று போன். நானும் நம்பினேன்.

ஜனவரியில் ஒருநாள் டியூஷனுக்கு சைக்கிளை எடுக்கும்போது எங்கள் ஃப்ளாட் வாட்ச்மேன் கேட்டார்.

"இன்னா நைனா, அப்பா சைதாப்பேட்டைல தனியா கீறாராமே? பாவம், தெனம் அஞ்சரைக்கெல்லாம் வண்டிய எத்துக்கினு வந்துடறாரு."

என் முகத்தைப் பார்த்ததும், "நான் ஒண்ணும் சொல்லல, நீ கெளம்பு" என்று கேட்டைத் திறந்துவிட்டார்.

மறுநாள் ஐந்து மணிக்கே ஜன்னலில் நின்றேன். அப்பா ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். சத்தத்தில் நான் விழித்துக்கொள்ளக் கூடாதாம். அம்மா கதவைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்க்காமலே சமையலறைக்குப் போனாள். அப்பா லுங்கிக்கு மாறி உட்கார்ந்தார். ஆறு மணிக்கு நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு போனேன்.

"நல்லா தூங்கினியாடா?" என்றார்.

"ம்."

சொல்லியிருக்கலாம். சொன்னால், நாளைக்கு மார்க் குறைந்தால் அதுவே காரணமாகிவிடும் என்று பயந்தேன். அதற்குப் பிறகு தினமும் நானும் நடித்தேன். டியூஷன் டீச்சர் என்னை மட்டும் திட்டுவதை நிறுத்தியிருந்தார். இஸ்திரிக்காரருக்குக்கூடத் தெரியும், அப்பாவின் சட்டைகள்தான் போவதில்லையே. ஊருக்கே தெரிந்த என் வீட்டு விஷயம் எனக்கு மட்டும் ரகசியம். நினைக்க நினைக்க எரிந்தது.

கடைசிப் பரீட்சை முடிந்த மதியம் பாண்டி பஜாரில் ஒரு ஹோட்டலுக்கு இருவருமாக அழைத்துப்போனார்கள். நெய் ரோஸ்ட் வந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா. உன் நல்லதுக்காகத்தான் இவ்வளவு நாளா..."

"சைதாப்பேட்டைதானே? ஜனவரியிலேயே தெரியும்."

அம்மா பதறிப்போனாள். "தெரிஞ்சும் ஏண்டா எங்ககிட்ட சொல்லல?"

கேள்வி எனக்கா?

"நீங்க ஏன் சொல்லல? என் அப்பா எங்க தூங்கறார்னு வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

சாம்பார் ஊற்ற வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அம்மா அழுதாள். எனக்குப் பாவமாக இல்லை. பசித்தது, முழுத் தோசையையும் சாப்பிட்டேன்.

பிறகு கோர்ட்டில் பிரிந்தார்கள். ஞாயிறுதோறும் அப்பாவிடம் போய்வந்தேன். வருடங்கள் ஓடிவிட்டன, இப்போது அடையாறில் தனியாக இருக்கிறேன். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அம்மா யாரிடமோ, "இவனுக்குத் தெரியாம எப்படிச் சமாளிச்சோம் தெரியுமா?" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.